விளக்கு எரிகிறது, இணையம் வரவில்லை

வாசகர் கேள்வி – பதில்: வீட்டு நெட்வொர்க்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "கணினியில் இணையம் வரவில்லை, என்ன செய்வது?" என்ற ஒரே வரியோடு நின்றுவிட்டன. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு யாராலும் வழி சொல்ல முடியாது. சிலர் மட்டும் எந்த விளக்கு எரிந்தது, திரையில் என்ன எண் வந்தது, வீட்டில் வேறு எந்தக் கருவி வேலை செய்தது என்று எழுதியிருந்தார்கள். அவர்களுடைய கடிதங்களைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தொலைபேசி லைனில் பழுது பார்த்தேன். இப்போது வீடு வீடாகப் போய் ஃபைபர் இணைப்பைப் பார்க்கிறேன். செம்புக்கம்பி போய்க் கண்ணாடி இழை வந்துவிட்டது, ஆனால் பழுது தேடும் முறை அதேதான். லைனின் நடுவில் நின்று சோதித்து, கோளாறு எந்தப் பக்கம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். பிறகு அந்தப் பக்கத்தின் நடுவுக்குப் போக வேண்டும். எந்தப் பக்கம் என்று தெரிவதற்கு முன்னால் ஒரு ஸ்குரூவைக் கூடத் திருகக் கூடாது. வீட்டு இணையத்தில் அந்த நடு இடம் ரவுட்டர், அதாவது வெளியிலிருந்து வரும் இணையத்தை வீட்டுக் கருவிகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி.

கேள்வி: மாடி அறையில் இருக்கும் கணினிக்குக் கீழே உள்ள ரவுட்டரிலிருந்து கேபிள் போட்டிருக்கிறோம். பத்து நாட்களாகத் திரையின் மூலையில் மஞ்சள் முக்கோணம் வருகிறது, இணையம் இல்லை. செல்போனில் வைஃபை நன்றாக வருகிறது. நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசினால் "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்கிறார்கள். என் மகன் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்கிறான். கணினியில் 169.254 என்று தொடங்கும் ஒரு எண் தெரிகிறது. (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: அம்மா, விண்டோஸில் கை வைக்க வேண்டாம். மகனிடம் அழுத்தமாகவே சொல்லுங்கள். ஒரு நாள் வேலையும் பழைய புகைப்படங்களும் போகும். அதே மஞ்சள் முக்கோணம் புதிய விண்டோஸிலும் வந்து நிற்கும்.

பாதி விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. செல்போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் மட்டும் ஒரு வீடியோவை ஓட விட்டுப் பாருங்கள். ஓடினால் தெருவிலிருந்து ரவுட்டர் வரை எல்லாம் சரி. (டேட்டாவை அணைக்காமல் பார்த்துவிட்டு "வைஃபை வருகிறது" என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். அதனால்தான் கேட்கிறேன்.) அப்படியானால் உதவி எண்ணில் சொன்னதும் உண்மைதான். கோளாறு ரவுட்டருக்கும் உங்கள் கணினிக்கும் இடையில் இருக்கிறது.

மீதிப் பாதி விடை அந்த எண்ணில் இருக்கிறது. வீட்டில் எந்தக் கருவியை இணைத்தாலும் அது முதலில் ரவுட்டரிடம் ஒரு முகவரி கேட்கும். ரவுட்டர் கொடுக்கும் எண் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். வீடு, அலுவலகங்களின் உள் உபயோகத்துக்கென்றே ஒதுக்கிய எண்கள் இவை. அதனால்தான் உங்கள் வீட்டிலும் எதிர் வீட்டிலும் ஒரே எண் இருந்தாலும் மோதல் வருவதில்லை. பலமுறை கேட்டும் பதில் வராவிட்டால் விண்டோஸ் 169.254 வரிசையில் ஒரு எண்ணைத் தானே எடுத்துக்கொள்ளும். ஆக, உங்கள் கணினி முகவரி கேட்டிருக்கிறது, பதில் வந்து சேரவில்லை. அந்த எண்ணுக்கு இதுதான் பொருள்.

இனி இரண்டாவது முறை நடுவில் நிற்போம். மாடியில் கணினியின் பின்னாலிருந்து கேபிளைக் கழற்றி, வைஃபையை அணைத்த ஒரு லேப்டாப்பில் செருகுங்கள். உங்களிடம் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் அரை மணி நேரத்துக்குக் கேட்டு வாங்குங்கள். லேப்டாப்புக்கும் 169.254 வந்தால் உங்கள் கணினி குற்றமற்றது. கேபிளோ, ரவுட்டரில் அது செருகியிருக்கும் துளையோதான் காரணம். கீழே போய்ப் பக்கத்துத் துளைக்கு மாற்றிச் செருகிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வைத்து ஒரு குட்டைக் கேபிளில் லேப்டாப்பை இணையுங்கள். அங்கே 192.168 வந்துவிட்டால் மாடிக்குப் போகும் நீளக் கேபிளில்தான் கோளாறு.

என் அனுபவத்தில் இதுபோன்ற கடிதங்களில் பெரும்பாலும் கேபிள்தான் மாட்டும். ஜன்னல் வழியாக வெளியே எடுத்து மாடிக்கு ஏற்றியிருந்தால் வெயிலில் மேலுறை வெடித்திருக்கும், மழைநீர் உள்ளே இறங்கியிருக்கும். வீட்டுக்குள் போடுவதற்கென்று செய்த கேபிள் நம் ஊர் வெயிலைத் தாங்காது. அடுத்து, இரு முனைகளிலும் உள்ள பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்குக்குள் எட்டுக் கம்பிகள் வரிசையாகத் தெரியும்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. எட்டும் பிளக்கின் முன் சுவரை முட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்று மயிரிழை அளவு பின்தங்கினாலும் அதன்மேல் இறங்க வேண்டிய உலோகப் பல் சரியாகக் கடிக்காது. விளக்கு எரியும், தகவல் மட்டும் உடைந்து உடைந்து போகும். பிளக்கின் முதுகில் உள்ள கிளிப் உடைந்திருந்தாலும் இதே கதைதான். செருகியதுபோலத் தெரியும், மேசையை நகர்த்தினால் நழுவியிருக்கும். பிளக்கை வெட்டிவிட்டுப் புதிது போடுவது பத்து நிமிட வேலை. கேபிள் போடுகிற தம்பிகள் எல்லோரிடமும் அதற்கான கிரிம்பிங் கருவி இருக்கும்.

லேப்டாப்புக்கு 192.168 வந்து, உங்கள் கணினிக்கு மட்டும் வரவில்லை என்றால்தான் கணினியைத் திறந்து பார்க்க வேண்டும். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது, நெட்வொர்க் அமைப்பில் முகவரியைத் தானாகப் பெறும்படி வைத்திருக்கிறதா என்பதைத்தான். வேறொரு நெட்வொர்க்குக்காக யாராவது கையால் எண்களைப் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். அதுவும் சரியாக இருந்தால் பெரும்பாலும் கணினியின் நெட்வொர்க் கார்டு பழுது. யுஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் ஒன்றை வாங்கினால் போதும்.

இந்த எண்ணை எங்கே பார்ப்பது என்று மற்ற வாசகர்கள் கேட்பார்கள். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து என்டர் தட்டுங்கள். கறுப்புத் திரை வரும். அதில் ஐபிகான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் அடியுங்கள்: ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி. ஐபிவி4 அட்ரஸ் என்ற வரியில் உங்கள் கணினியின் எண்ணும், டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் ரவுட்டரின் எண்ணும் இருக்கும்.

உங்கள் எண் சரியாக 192.168 என்று வந்தும் இணையம் இல்லையா? அதே கறுப்புத் திரையில் பிங் கட்டளையைப் பயன்படுத்துங்கள். பி, ஐ, என், ஜி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கேட்வே எண்ணைக் கொடுங்கள். பதில் வந்தால் ரவுட்டர் வரை வழி இருக்கிறது. அடுத்து 8.8.8.8 கொடுங்கள். இது 2009 முதல் கூகுள் நடத்தும் பொதுச் சேவையின் எண். அதற்கும் பதில் வந்தால் உங்கள் வீட்டைத் தாண்டி உலகம் வரை வழி இருக்கிறது. கடைசியாக ஏதாவது ஓர் இணையதளத்தின் பெயரைக் கொடுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு மட்டும் வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவைதான் படுத்திருக்கிறது. நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் என்ற இடத்தில், இதே வேலையைச் செய்யும் கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.1 என்ற எண்ணைப் போட்டால் தீர்ந்துவிடும். எந்தப் படியில் பதில் நின்றது என்று எழுதினீர்களானால் என்னால் வீட்டுக்கு வராமலே சொல்லிவிட முடியும்.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறேன். கோப்பு இறக்கும்போது திரையில் 12 என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா? (வாசகர், ஈரோடு)

பதில்: இல்லை ஐயா. திட்டத்தில் இருப்பது மெகாபிட், திரையில் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 100ஐ எட்டால் வகுத்தால் 12.5. உங்களுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கிறது.

ஆனால் 200 அல்லது 300 எம்பிபிஎஸ் திட்டம் வைத்திருப்பவர்கள், கேபிள் போட்ட கணினியில் வேகச் சோதனை 94, 95 என்று சுவரில் முட்டியதுபோல நின்றால், சும்மா விடாதீர்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு எட்டுக் கம்பிகளில் நான்கு போதும். 1000க்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒரு கம்பி அறுந்தாலும் இரு முனைகளும் தங்களுக்குள் பேசி 100க்கு இறங்கிக்கொள்ளும். எந்த எச்சரிக்கையும் வராது. கேபிளை மாற்றியும் 95ஐத் தாண்டாவிட்டால் ரவுட்டரின் துளையே 100க்கு மேல் போகாத ரகமாக இருக்கலாம். அதிக வேகத் திட்டத்தை விற்றுவிட்டு அந்த ரகப் பெட்டியைக் கொடுத்திருந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: மாடியில் சிக்னல் வரவில்லை என்று இரண்டாவது ரவுட்டர் வாங்கி, கீழே உள்ள ரவுட்டரிலிருந்து கேபிள் எடுத்து இணைத்தேன். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் இணையம் நிலையாக இல்லை. ஒருவருக்கு வந்தால் இன்னொருவருக்குப் போகிறது. எல்லாவற்றையும் அணைத்துப் போட்டால் சிறிது நேரம் வேலை செய்கிறது. (வாசகர், திருநெல்வேலி)

பதில்: கேபிளை லேன் துளையிலிருந்து (வீட்டுக் கருவிகளைச் செருகும் துளை) லேன் துளைக்குப் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கடையிலிருந்து வரும் ரவுட்டர்களில் நிறைய 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்ற எண்ணில்தான் இருக்கும். உங்கள் வீட்டில் இப்போது ஒரே எண்ணோடு இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. போதாததற்கு இரண்டும் முகவரி வழங்குகின்றன. ஒரு செல்போன் முகவரி கேட்டால் எது முந்துகிறதோ அது கொடுக்கிறது. கீழ்ப் பெட்டி 192.168.1.5 என்று ஒருவருக்குக் கொடுத்தது மேல் பெட்டிக்குத் தெரியாது. அதே எண்ணை அது இன்னொருவருக்குக் கொடுக்கிறது. அணைத்துப் போட்டதும் வேலை செய்வது, யார் முதலில் கேட்டார்கள் என்ற வரிசை மாறுவதால்தான்.

புதிய ரவுட்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், முகவரி கொடுக்கும் வேலையை மட்டும் அதனிடமிருந்து பறித்துவிட்டால் போதும். இரண்டுக்கும் இடையிலுள்ள கேபிளைக் கழற்றுங்கள். ஒரு கணினியைப் புதிய ரவுட்டரோடு மட்டும் இணைத்து, பிரவுசரில் அதன் எண்ணை அடித்து உள்ளே போங்கள். ஆக்சஸ் பாயின்ட் (வைஃபையை மட்டும் பரப்பி, முகவரி வழங்காத முறை) என்று ஒரு முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் வேலை முடிந்தது. இல்லாவிட்டால் முதலில் அதன் எண்ணை 192.168.1.2 என்று மாற்றுங்கள். பிறகு அந்தப் புது எண்ணில் மறுபடி நுழைந்து, முகவரி வழங்கும் டிஎச்சிபி என்ற வசதியை நிறுத்துங்கள். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் பெட்டிக்குள் மறுபடி நுழைவது பெரும்பாடாகிவிடும். அதன்பின் கேபிளை லேன் துளையிலேயே போடுங்கள். வெளியிலிருந்து வரும் இணையத்துக்கென்று, வான் என்ற பெயரில் தனி நிறத்தில் இருக்கும் துளை காலியாகவே இருக்கட்டும். கீழ் ரவுட்டர் வேறு வரிசையில், உதாரணமாக 192.168.0.1 என்று இருந்தால், மேல் பெட்டிக்கு 192.168.0.2 கொடுக்க வேண்டும்.

வான் துளையில் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். இரண்டும் வேறு வேறு வரிசையில் இருந்தால் இணையம் வரும். ஆனால் மாடியில் இருப்பவர்கள் ஒரு தனி நெட்வொர்க் ஆகிவிடுவார்கள். கீழே உள்ள பிரிண்டர் மேலே இருக்கும் லேப்டாப்புக்குக் கண்ணில் படாது. "பிரிண்டர் காணவில்லை" என்று வரும் கடிதங்களில் பலவற்றுக்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். பல கேபிள்களைச் செருகி ஒரே நெட்வொர்க்கில் இணைக்கும் சுவிட்ச் என்ற பெட்டியை வைத்திருக்கும் வீடுகளில், தொங்கிக்கொண்டிருக்கும் கேபிள் முனையைப் பார்த்து "இது எங்கோ கழன்றுவிட்டது" என்று யாராவது காலித் துளையில் செருகிவிடுவார்கள். அதன் மறுமுனையும் அதே சுவிட்சில் இருந்தால் தகவல் வெளியேற வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வரும். சில நொடிகளில் வீடு முழுவதும் இணையம் நிற்கும். எல்லா விளக்குகளும் ஒரே வேகத்தில் வெறி பிடித்ததுபோல மினுக்கினால் முதலில் அந்தக் கேபிளைத் தேடுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். பழைய கணினி. காலையில் போட்டதும் வங்கி, மின்வாரியம், மின்னஞ்சல் என்று எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் "இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று வருகிறது. செல்போனில் எல்லாம் திறக்கிறது. வைரஸ் என்று கடைக்காரர் சொல்கிறார். (வாசகர், விருத்தாசலம்)

பதில்: ஐயா, கடைக்காரரிடம் கொடுப்பதற்கு முன் திரையின் வலது கீழ் மூலையில் என்ன தேதி இருக்கிறது என்று பாருங்கள். பல ஆண்டுகளுக்கு முந்தைய தேதி இருந்தால் வைரஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வோர் இணையதளத்துக்கும் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை செல்லும் என்று ஒரு சான்றிதழ் உண்டு. உங்கள் கணினி தான் பல ஆண்டுகள் பின்னால் இருப்பதாக நினைத்துக்கொண்டு அந்தச் சான்றிதழைப் பார்க்கிறது. இன்னும் தொடங்காத சான்றிதழ் என்று மறுக்கிறது. தன் வேலையை அது சரியாகத்தான் செய்கிறது.

கணினியை அணைத்த பிறகும் நேரத்தைக் காப்பது மதர்போர்டில் (கணினிக்குள் உள்ள முக்கியச் சர்க்யூட் பலகை) இருக்கும் ஒரு ரூபாய் நாணயம் போன்ற பேட்டரி. மேலே சிஆர்2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ட். சில ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும். கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். மின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பக்கவாட்டு மூடியைத் திறந்து, பேட்டரியின் ஓரத்தில் உள்ள சிறிய கொக்கியை நகத்தால் தள்ளினால் பேட்டரி எழும்பி வரும். கூட்டல் குறி மேலே தெரியும்படி புதியதை அழுத்துங்கள். பிறகு தேதியையும், நேர மண்டலம் இந்தியாவுக்கு உரியதாக இருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள். கை நடுங்கும் என்று தயங்கினால் பேரப்பிள்ளைகள் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். புதிய கணினி வாங்கச் சொல்லி யாராவது இதற்காக உங்களை அலைக்கழித்தால் எனக்கு மனது பொறுக்காது.

கேள்வி: ஆன்லைன் வகுப்பில் இருக்கும்போது வெளி ஹார்டு டிஸ்கை லேப்டாப்பில் செருகினால் வைஃபை அறுந்துவிடுகிறது. எடுத்தால் வருகிறது. எனக்கு மட்டும் ஏன் இப்படி? (மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: உனக்கு மட்டும் இல்லை அம்மா. கூர்ந்து கவனித்து எழுதியிருக்கிறாய். வெளி டிஸ்குகளை இணைக்கும் யுஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது அதன் கேபிளும் பிளக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை எழுப்பும். இன்டெல் நிறுவனமே 2012இல் இதை அளந்து அறிக்கையாக வெளியிட்டது. உன் லேப்டாப் அதே 2.4இல் ரவுட்டரோடு பேசுகிறது. டிஸ்கை ஒரு நீளக் கேபிளில் இணைத்துத் தள்ளி வை. அல்லது ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறு. பெரும்பாலும் வைஃபை பெயரின் கடைசியில் 5ஜி என்று இருக்கும். (செல்போனின் 5ஜிக்கும் இதற்கும் தொடர்பில்லை.) 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும் வலு அதற்குக் குறைவு. வகுப்பு நடக்கும்போது ரவுட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார்ந்துகொள்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பு. இரவு எட்டு மணிக்கு மேல் படுக்கை அறையில் வைஃபை நத்தை வேகம். (வாசகி, சென்னை)

பதில்: ரவுட்டரை டிவி அலமாரிக்குள் வைத்திருக்கிறீர்களா, இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் இன்றே வெளியே எடுத்து, ஆள் உயரத்தில், வீட்டின் நடுப்பகுதியில் வையுங்கள். இரும்புக்குப் பின்னால் வைத்துவிட்டு விலை உயர்ந்த ரவுட்டர் வாங்குவது வீண். எட்டு மணிக்கு எல்லா வீடுகளிலும் ஆள் இருப்பதால் 2.4 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் ஏறும். அதில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் (அலைவரிசையின் பிரிவுகள்) 1, 6, 11 என மூன்றுதான். ரவுட்டர் அமைப்பில் இம்மூன்றில் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். 3, 4 என்று நடுவில் வைத்தால் இரு பக்கத்து வீட்டுக்காரர்களோடும் மோத வேண்டியிருக்கும்.

கேள்வி: மழை பெய்தால் போதும், மோடத்தில் சிவப்பு விளக்கு மினுக்குகிறது. சென்ற முறை ஊசியால் பின்னால் உள்ள ரீசெட்டை அழுத்தினேன். மழை விட்ட பிறகும் இணையம் வரவில்லை. (வாசகர், கடலூர்)

பதில்: அந்தச் சின்னத் துளையைப் பற்றி நான் எத்தனை முறை எழுதினாலும் தகும். அணைத்துப் போடுவது வேறு, ரீசெட் வேறு. அணைத்துப் போட்டால் பெட்டி தன் நினைவிலுள்ள அமைப்போடு மறுபடி எழும். ரீசெட் அந்த நினைவையே துடைத்துவிடும். பல நிறுவனங்களின் இணைப்பில் உங்கள் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அதற்குள்தான் இருக்கின்றன. அவை அழிந்தால் ஆள் வந்து போட்டுத்தான் ஆக வேண்டும். உங்களுக்கு மழை விட்டும் வராததற்கு இதுவே காரணம். ரீசெட் துளையின் மேல் ஒரு ஒட்டுத்தாளை ஒட்டிவிடுங்கள். உதவி எண்ணுக்குப் பேசி, அமைப்பு அழிந்துவிட்டது என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

இனி சிவப்பு விளக்கு. எல்ஓஎஸ் என்று எழுதியிருக்கும் அந்த விளக்கு மினுக்கினால், கண்ணாடி இழை வழியாக வர வேண்டிய ஒளி உங்கள் பெட்டிக்கு வரவில்லை என்று பொருள். கணினியில் எதை மாற்றினாலும் பயனில்லை. வீட்டுக்குள் நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: மெல்லிய ஃபைபர் கேபிள் எங்காவது மடிந்து நெரிபட்டிருக்கிறதா? மேசைக் காலடியிலோ, கதவு இடுக்கிலோ மாட்டியிருந்தால் விடுவித்து, பெரிய வளையமாகத் தொங்க விடுங்கள். பச்சை நிறப் பிளக்கை நீங்களாகக் கழற்ற வேண்டாம். அதன் நுனியில் விரல் பட்டாலே எண்ணெய்ப் பிசுக்கு ஒளியை மறைக்கும். கழற்றிய இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்கவே கூடாது. உள்ளே வரும் ஒளி 1490 நானோமீட்டர் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

மழையில் மட்டும் போவதால், கம்பத்துப் பெட்டியிலோ இணைத்த இடத்திலோ நீர் இறங்குகிறது, அல்லது கேபிள் காற்றில் ஆடிக் கிளையில் உரசுகிறது. சரி செய்ய வருபவரிடம் ஒளியின் அளவை மீட்டரில் காட்டச் சொல்லுங்கள். மைனஸில் வரும். மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐ நெருங்கினால் அடுத்த மழைக்கு மறுபடி போகும். மூன்று எண் இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. "வந்துவிட்டது சார்" என்ற சொல்லோடு அனுப்பாமல் அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை புகார் செய்யும்போது அந்த எண்ணை அவர்களால் மறுக்க முடியாது.

வடகிழக்குப் பருவமழை என்றால் இடியும் உண்டு. ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் அடாப்டர் வழியாக வரும். தெருவிலிருந்து ஃபைபருக்குப் பதிலாகச் செம்பு லேன் கேபிள் வரும் வீடுகளில் ஆபத்து இன்னும் அதிகம். கணினியின் நெட்வொர்க் துளையே கருகியதைப் பார்த்திருக்கிறேன். இடி கேட்டதும் அடாப்டர், லேன் கேபிள் இரண்டையும் பிடுங்கி வைப்பது நல்லது.

கேள்வி: இணைய நிறுவனத்திலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்தார். என் ஐபி முகவரி திருடப்பட்டுவிட்டதாகவும், இரண்டு மணி நேரத்தில் இணைப்பைத் துண்டிப்பதாகவும் சொன்னார். கணினியில் கறுப்புத் திரையைத் திறக்கச் சொல்லி, அதில் உள்ள எண்ணைத் தானே சரியாகச் சொன்னார். நம்பி, திரையைப் பகிரும் ஒரு செயலியை நிறுவினேன். வங்கிப் பக்கத்தைத் திறக்கச் சொன்னபோது பயந்து அணைத்துவிட்டேன். (வாசகர், மதுரை)

பதில்: சரியான நேரத்தில் அணைத்தீர்கள். அந்த ஆள் சொன்ன எண் 192.168.1 என்று தொடங்கியிருக்கும். மேலே தஞ்சாவூர் வாசகிக்குச் சொன்னேனே, கோடிக்கணக்கான வீடுகளில் இருக்கும் எண் அது. யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அதைத் திருடவும் முடியாது, திருடி ஆகப்போவதும் இல்லை. எந்த நிறுவனமும் இப்படி அழைத்துத் திரையைக் காட்டச் சொல்லாது.

கணினியை இணையத்தில் இணைக்காமல் போட்டு, அந்தச் செயலியை முதலில் நீக்குங்கள். கேபிளைக் கழற்றி வைஃபையையும் அணைத்த பிறகே போடுங்கள். வங்கி, மின்னஞ்சல் பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். வங்கிக்குப் பேசி இதுவரை நடந்த பரிமாற்றங்களைக் கேளுங்கள். ஒரு ரூபாய் போயிருந்தாலும் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்கள். நாடு முழுவதற்குமான சைபர் நிதி மோசடி உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. எல்லாம் முடிந்த பிறகு ரவுட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டையும் பாருங்கள். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டே இன்னும் இருந்தால் அதையும் மாற்றி, வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதி வையுங்கள்.